சிகாகோவின் ஐரிஷ் பப்பும் ஒரு போலீஸ் தலைவர் சேர்த்து வைத்த மெட்டுகளும்

ஒவ்வொரு மார்ச் மாதமும், ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாளை ஒட்டி, சிகாகோ ஆறு பச்சையாகிற வீடியோ எல்லோர் டைம்லைனிலும் வந்துவிடும். கூடவே பச்சைத் தொப்பி, பச்சை பீர், காலை பத்து மணிக்கே பப் வாசலில் நீண்டு நிற்கிற வரிசை. அதைப் பார்த்துவிட்டு "ஐரிஷ்காரங்கன்னாலே குடிதானே" என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன். நான் குடிப்பதில்லை. ஆனாலும் இந்த ஊரில் உனக்குப் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால், ஐரிஷ் பப்பின் மூலை மேசை என்றுதான் சொல்வேன். அந்தச் சமூகத்தின் உயிர் அந்த மேசையில் இருக்கிறது. மார்ச் 17ஐ ஒட்டித் தெருவில் நடக்கிற கூத்தை வைத்து அவர்களை எடைபோடுவது பெரிய அநியாயம்.

ஆற்றுச் சாயத்தையும் நான் குறை சொல்லவில்லை, அதற்குப் பின்னால் உழைக்கிறவர்களின் கதை ஒன்று இருக்கிறது. எந்தக் குழாய் வழியாகக் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க பிளம்பர்கள் குழாயில் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சாயம் பட்டுப் பச்சையாகிப்போன ஒரு பிளம்பரின் உடுப்பைப் பார்த்துத்தான், பிளம்பர் சங்கத்தின் தலைவராக இருந்த ஸ்டீபன் பெய்லிக்கு ஆற்றையே பச்சையாக்கும் யோசனை வந்தது. 1962இல் முதல் தடவை நூறு பவுண்டு கொட்டினார்கள், ஒரு வாரம் ஆறு பச்சையாகவே கிடந்ததாம். இன்றைக்கும் பிளம்பர் சங்கத்து ஆட்கள்தான் படகில் போய்த் தூவுகிறார்கள். பொடி ஆரஞ்சு நிறம், தண்ணீரில் பட்டதும்தான் பச்சை. சரி, அது வருஷத்தில் ஒரு நாள். நான் சொல்ல வந்தது மற்ற நாட்களைப் பற்றி.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிறோ செவ்வாயோ, சில பப்களில் 'செஷன்' இருக்கும். மேடை கிடையாது, மைக் கிடையாது. மூலையில் ஒரு மேசை, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள், நமக்குத் தெரிவது பாதிப்பேருடைய முதுகுதான். ஃபிடில் என்கிற வயலின், மரப் புல்லாங்குழல், இரு கையாலும் விரித்து மடக்கி வாசிக்கும் கான்செர்டினா, ஆட்டுத்தோல் கட்டிய பவ்ரான் மேளம், ஒருவேளை முழங்கைக்கடியில் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இல்லன் பைப்ஸ். யாராவது ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு மெட்டுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தடவை, அப்படியே மெட்டு முழுவதையும் இரண்டு மூன்று சுற்று, பிறகு நிறுத்தாமல் ஒரு பார்வையிலேயே அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். எந்தத் தாளும் முன்னால் இருக்காது. எல்லாம் காதால் கேட்டுப் பிடித்தது.

போன குளிர்காலத்தில் நான் பார்த்தது இது. பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை ஃபிடிலை வைத்துக்கொண்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், அப்பா பக்கத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த ரீல் என்கிற ஆட்ட மெட்டு ஒன்று முடிந்ததும் கான்செர்டினா வைத்திருந்த பெரியவர் அவள் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணு எடும்மா" என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். அவள் மெதுவாக, ரொம்பவே மெதுவாக, ஜிக் என்கிற இன்னொரு வகை ஆட்ட மெட்டைத் தொடங்கினாள். வில் இரண்டு இடத்தில் தடுக்கியது. அத்தனை பேரும் அவள் வேகத்துக்கு இறங்கி வந்தார்கள், பவ்ரான்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் மட்டும் தட்டினார். மூன்றாவது சுற்றில் அவள் தோள் தளர்ந்தது, வேகமும் தானாக வந்தது. முடிந்ததும் ஆரவாரம் ஏதும் இல்லை, பெரியவர் "எங்கே கத்துக்கிட்ட?" என்று கேட்டார், அவ்வளவுதான். அவள் அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கவுண்டரில் இருந்தவர்களில் பாதிப்பேர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

அந்த மேசையில் வாசிக்கப்படுகிற மெட்டுகளில் கணிசமானவை இன்றைக்கு உலகம் முழுக்க ஐரிஷ் இசைக்காரர்கள் கையில் இருப்பதற்குக் காரணம் இதே சிகாகோவின் போலீஸ் தலைவர் ஒருவர். பிரான்சிஸ் ஓ'நீல். 1848இல், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் நடுவில், கார்க் மாவட்டத்தில் பான்ட்ரிக்குப் பக்கத்தில் ட்ராலிபேன் என்ற ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிக் கப்பலில் சேர்ந்துவிட்டார். பசிபிக் கடலின் நடுவே கப்பல் உடைந்து பேக்கர் தீவில் ஒதுங்கியவர்களில் அவரும் ஒருவர். காப்பாற்ற வந்த கப்பலில் சாப்பாடு அளந்துதான் கொடுத்தார்கள். அதில் வேலை பார்த்த ஹவாய்த் தீவு மாலுமி ஒருவரிடம் புல்லாங்குழல் இருந்தது. ஓ'நீல் அதை வாங்கித் தன் ஊர் மெட்டு இரண்டு வாசித்துக் காட்ட, அன்றிலிருந்து அந்த மாலுமி தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்தாராம். 1873இல் சிகாகோ போலீஸில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே திருடன் சுட்ட குண்டு முதுகெலும்புக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது, கடைசிவரை அதை எடுக்கவே இல்லை. படிப்படியாக ஏறி 1901 முதல் 1905 வரை நகரத்துக்கே போலீஸ் தலைவர்.

இந்த மனிதர் வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் மெட்டு தேடி அலைந்தார். அம்மா பாடியது, சின்ன வயதில் ஊரில் கேட்டது, பீட் போகும்போது யாரோ விசிலடித்தது, எதையும் விடவில்லை. புல்லாங்குழல் வாசிப்பார், ஆனால் இசைக்குறிப்பு எழுத வராது. அதே படையில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஓ'நீல் என்பவருக்கு வரும். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர், உறவு கிடையாது. இவர் வாசித்துக் காட்டுவார், அவர் எழுதிக்கொள்வார். 1903இல் 1,850 மெட்டுகளோடு முதல் தொகுப்பு, 1907இல் ஆட்ட மெட்டுகள் மட்டும் 1,001. நன்றாக வாசிக்கிற ஐரிஷ்காரன் ஊருக்கு வந்து இறங்கினால் அவனுக்குப் போலீஸ் வேலை நிச்சயம் என்று இன்றைக்கும் இங்கே பேசிக்கொள்வார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த வேலை அயர்லாந்தில் நடந்திருக்க முடியுமா என்பதே சந்தேகம். அங்கே அந்தந்த மாவட்டத்து மெட்டு பெரும்பாலும் அந்தந்த மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, பஞ்சத்துக்குப் பிறகு வாசிக்கிறவர்களும் செத்தோ கப்பல் ஏறியோ போய்விட்டார்கள். சிகாகோவில் கெர்ரி, கால்வே, டவுன் என்று பல மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் நாலு தெருவுக்குள் இருந்தார்கள். பிழைக்க வந்த இடத்தில்தான் நாடு முழுவதின் இசையும் ஒரே இடத்தில் கிடைத்தது. ஓ'நீல் தன் புத்தகச் சேகரிப்பை நோட்ர டாம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டு 1936இல் இறந்தார். எல்ஸ்டன் அவென்யூவில் அவர் பெயரிலேயே ஒரு பப் இருக்கிறது. குடிக்கிற இடத்துக்கு ஒரு போலீஸ்காரர் பெயர் வைப்பது வேறு எங்கே நடக்கும் என்று தெரியவில்லை, இங்கே அது மிகச் சரியாகப் பொருந்துகிறது.

இவ்வளவும் ஏன் பப்பில் நடக்க வேண்டும், கோயில் இல்லையா, மண்டபம் இல்லையா என்று கேட்கலாம். ஐரிஷ்காரர்கள் இந்த ஊருக்குப் பெரிய அளவில் வந்தது இல்லினாய் மிச்சிகன் கால்வாய் வெட்டத்தான். 1836இல் தொடங்கி 1848இல் முடிந்த வேலை, மண்வெட்டியும் கையுமாகச் சேற்றில் நின்று வெட்டினார்கள், கால்வாய் முனையில் பிரிட்ஜ்போர்ட் என்று குடியிருப்பு வளர்ந்தது. பஞ்சம் வந்ததும் இன்னும் கூட்டம். 1850இல் சிகாகோவில் ஐந்தில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். நெருக்கியடித்துக்கொண்டு இருந்த அறைகளில் யாரையாவது உட்காரவைத்துப் பேச இடம் ஏது? தெருமுனை சலூன்தான் வரவேற்பறை, அங்கேதான் வேலை விசாரிப்பது, சம்பளச் செக்கை மாற்றுவது, ஓட்டு கேட்க வருகிறவனைப் பார்ப்பது எல்லாம். அதனால்தான் 1855இல் லீவை பூன் என்ற மேயர், வந்தேறிகளைப் பிடிக்காதவர், மதுக்கடை உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 டாலராக ஏற்றி ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கக்கூடாது என்று சொன்னபோது ஊர் கொதித்துவிட்டது. ஜெர்மானியர்கள் முன்னால் நின்றார்கள், ஐரிஷ்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் செத்தார். வாரத்தில் ஆறு நாள் உழைக்கிறவனுக்கு இருந்த ஒரே விடுமுறை நாளில், அவன் சேர்ந்து உட்காருகிற இடத்தைப் பூட்டினால் வேறு என்ன நடக்கும்? அடுத்த தேர்தலில் பூன் நிற்கவே இல்லை.

அந்த வரவேற்பறை வேலை இன்னும் போகவில்லை. தெற்குப் பக்கம், வெஸ்டர்ன் அவென்யூ பக்கமாக ஒரு பப்புக்குள் போனால் கதவிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிற நோட்டீஸ்களைப் படியுங்கள். தீயணைப்பு வீரர் ஒருவருக்குப் புற்றுநோய், இன்ன தேதி பெனிஃபிட் இரவு, ராஃபிள் டிக்கெட் இவ்வளவு. யாரோ ஒரு குழந்தைக்கு அறுவைசிகிச்சை. அன்றைக்கு வருகிற பணம் அந்தக் குடும்பத்துக்குப் போகும், வாசிக்கிறவர்கள் காசு வாங்காமல் வாசிப்பார்கள். சாவு வீட்டிலிருந்து நேரே பப்புக்கு வந்து இறந்தவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள், சிரிப்பும் அழுகையுமாக. எனக்குத் தெரிந்த ஒருவர் வேலை போய் இருந்தபோது அவர் வாடகையை மூன்று மாதம் கட்டியது இப்படி ஒரு மேசையில் சேர்ந்த பணம்.

ஆனால் இந்த நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைத்து எழுதினால் நான் ரசிகன், எழுதுகிறவன் இல்லை. 1919 ஜூலையில் ஏரியில் மிதந்துகொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பையன் மீது வெள்ளைக்காரன் ஒருவன் கல்லெறிய, அந்தப் பையன் மூழ்கிச் செத்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள், 23 பேர் கறுப்பினத்தவர். 'விளையாட்டு சங்கங்கள்' என்ற பெயரில் இயங்கிய பிரிட்ஜ்போர்ட் பக்கத்து ஐரிஷ் இளைஞர்களின் கும்பல்கள் இல்லாமல் அது அவ்வளவு பெரிதாகியிருக்காது என்று விசாரணைக் குழுவே எழுதியது. "நீ எந்தத் தெரு?" என்று கேட்காமல் "நீ எந்தப் பங்கு?" என்று, அதாவது எந்தத் தேவாலயத்து வட்டாரம் என்று கேட்கிற பழக்கத்தில் பாசமும் இருக்கிறது, வேலியும் இருக்கிறது. எழுபத்தொன்பதாவது தெருவில் செயின்ட் சபீனா பங்குதான் ஐம்பதுகளில் தெற்குப் பக்க ஐரிஷ் ஊர்வலம் நடந்த இடம். கறுப்பினக் குடும்பங்கள் குடிவந்ததும் ஐரிஷ் குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டுக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டன. இன்றைக்கு அது நகரத்தின் பெயர்பெற்ற கறுப்பின கத்தோலிக்கப் பங்கு. பஞ்சத்தையும் விரட்டப்பட்டதையும் பாட்டாகப் பாடுகிறவர்கள் இதையும் அதே மேசையில் பேச வேண்டும். சிலர் பேசுகிறார்கள், போதாது.

இனி அந்தப் பச்சை நாள். தெற்குப் பக்க ஊர்வலத்தை 1979இல் மறுபடி தொடங்கியது பதினேழு குழந்தைகள், கையில் ஒரு குழந்தை வண்டி, சொந்தத் தெருவைச் சுற்றி ஒரு நடை, அவ்வளவுதான். அது வளர்ந்து லட்சக்கணக்கில் கூட்டம் வந்து, வெளியூரிலிருந்து பஸ் பிடித்துக் குடித்துவிட்டு வந்தவர்கள் தெருவில் அடித்துக்கொண்டு, 2009க்குப் பிறகு நடத்துகிறவர்களே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். 2012இல் திரும்ப வந்தபோது தெருவில் மது கூடவே கூடாது என்ற கறாரான கட்டுப்பாட்டோடு வந்தது. தங்கள் பெயரில் நடக்கிற பெரிய விழாவைத் தாங்களே நிறுத்துகிற துணிச்சல் எத்தனை சமூகத்துக்கு இருக்கும்? ஐரிஷ் என்றாலே குடி என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. தொண்ணூறுகளில் டப்ளினில் பப்பை மொத்தமாக வடிவமைத்து, மரச்சாமான், பழைய போர்டு எல்லாம் கன்டெய்னரில் போட்டு அனுப்புகிற தொழில் பெரிதாக வளர்ந்தது, கின்னஸ் பீர் கம்பெனியும் துணை நின்றது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சுவரில் இருக்கிற சைக்கிள் யாருடையது என்று அங்கே வேலை பார்க்கிறவருக்கே தெரியாது, செஷன் நடக்க வேண்டிய மூலையில் பெரிய டிவி. வாடகை ஏறுகிற இந்த ஊரில் செஷன் மேசைக்கு இடம் விடுகிற முதலாளி ஒரு இரவில் நாலு மேசை வியாபாரத்தை இழக்கிறார். அவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

புதிதாக அயர்லாந்திலிருந்து வருகிறவர்கள் முன்பு போல் அதிகம் இல்லை. இனி வாசிக்கப் போவது இங்கே பிறந்த பிள்ளைகள்தான், அதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. லிஸ் கேரல் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர், 1975இல் அயர்லாந்துக்கே போய் அகில அயர்லாந்து ஃபிடில் பட்டத்தை வென்றார், அவர் அமைத்த மெட்டுகளை இன்று அங்கே உள்ளவர்கள் வாசிக்கிறார்கள். நாக்ஸ் அவென்யூவில் ஒரு பழைய கல்லூரிக் கட்டடத்தை 1985இல் வாங்கி, தச்சர்களும் எலக்ட்ரீஷியன்களும் சும்மா வந்து வேலை செய்து சரிசெய்த ஐரிஷ் அமெரிக்கன் ஹெரிடேஜ் சென்டரில் நூலகம், வகுப்பறைகள், உள்ளேயே ஒரு பப். நடனம் கற்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஐரிஷ் வீட்டுப் பிள்ளைகள் இல்லை, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சிகாகோ வருகிறவர்கள் மார்ச்சில் வராதீர்கள். நவம்பரில் ஏதாவது ஒரு வார நாள் வாருங்கள், செஷன் என்றைக்கு என்று முன்பே பப்புக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போய் ஒரு சோடாவும் சூப்பும் வாங்கினால்கூடப் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மேசைக்கு மிக அருகில் போய் போனை நீட்டிப் படம் பிடிக்க வேண்டாம், தெரிந்த சினிமாப் பாட்டைக் கேட்க வேண்டாம், ஒருவர் தனியாகப் பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். கிளம்பும்போது வாசித்தவர்களுக்கு ஒரு ரவுண்டு வாங்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள், அதில் இரண்டு மூன்று பேர் டீதான் கேட்பார்கள்.