தமிழ் வாத்தியார் எங்கிருந்து வருவார்?

பேத்தி இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் எட்ஜ்வுட்டில் பி.எட். சேர்ந்திருக்கிறாள். "தாத்தா, நீங்களும் இங்கதான் படிச்சீங்களா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. என் காலத்தில் எட்ஜ்வுட் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஆசிரியர் கல்லூரி. இந்தியர்களான நமக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரி.

அதற்கும் முந்தியது சாஸ்திரி கல்லூரி. 1927இல் இந்திய அரசின் ஏஜெண்டாக வந்த சீனிவாச சாஸ்திரி தூண்ட, நம் ஆட்கள் பணம் திரட்டினார்கள். 1929இல் டர்பனில் திறந்தார்கள். உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ். 1936 முதல் நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையரல்லாதவர்களுக்கு வகுப்பு நடத்தியதும் அங்கேதான். தன் வகுப்பறையில் நம்மை உட்காரவைக்க மனமில்லாத பல்கலைக்கழகம், நம் காசில் எழுந்த கட்டடத்துக்கு வந்து பாடம் சொன்னது! 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில், இந்தியருக்கென்று தனிக் கல்லூரி வைத்தார்கள். அதுதான் பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமானது.

2001 வாக்கில் நாடெங்கும் ஆசிரியர் கல்லூரிகளைப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்தார்கள். எட்ஜ்வுட் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 2004இல் நேட்டாலும் வெஸ்ட்வில்லும் இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம். என் வயதுக்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. இனவாரியாகப் பிரித்து வைத்த கல்லூரிக்கு யார் அழுவது?

ஒன்று மட்டும் மறக்கவில்லை: பயிற்சிக் காலத்து 'கிரிட்'. நாம் பாடம் நடத்த, விரிவுரையாளர் பின் பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். முதல் தடவை எனக்குக் கிடைத்தது ஒரே வரி: "பிள்ளைகளிடம் பேசு, கரும்பலகையிடம் பேசாதே." நாற்பது வருஷம் அந்த வரியில்தான் பிழைத்தேன்.

என் கோபம் வேறு. 1984இல் இந்திய மொழிகள் நம் பள்ளிகளுக்குள் வந்தன. வெஸ்ட்வில்லில் தமிழை முறையாகப் படிக்க வழி இருந்தது. 90களின் கடைசியில் அந்தத் துறையை மூடிவிட்டார்கள். 2014இல் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளை மறுபடி விருப்பப் பாடமாக்கியது அரசு. பாடத்திட்டம் தயார். வாத்தியார்? கோயில் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் என்னைப் போன்ற கிழடுகள் இன்னும் எத்தனை நாளைக்கு? பள்ளியில் தமிழ் வேண்டும் என்று மனு எழுதுகிற நம் சங்கங்கள், பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர் பயிற்சி வேண்டும் என்று ஏன் ஒரு மனுவும் எழுதுவதில்லை?

போன சனிக்கிழமை பேத்தி கோயிலில் ஏழு பிள்ளைகளுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்தாள். நான் நோட்டோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

கரும்பலகையிடம்தான் பேசினாள்.