மொட்டை மாடியில் ஓர் அடர்வனம்

(மேட்டுப்பாளையம். ஓய்வு பெற்ற வனக்காப்பாளர் ஆறுமுகத்தின் வீட்டுத் திண்ணை. அடுத்த வீட்டுக் காந்திமதி மூச்சிரைக்க வருகிறார்.)

காந்திமதி: அண்ணா, டிஸ்கவரியில் தமிழ்க் குரலில் காட்டைச் சுற்றுகிறாரே பேர் கிரில்ஸ், அவரைப் பார்த்துவிட்டு என் மகன் நேற்று முதல் மொட்டை மாடியில் வனவாசம் இருக்கிறான்.

ஆறுமுகம்: பள்ளி விடுமுறைதானே அம்மணி, இருந்துவிட்டுப் போகட்டும்.

காந்திமதி: என் தீபாவளிச் சேலையைக் கிழித்துக் கயிறு திரித்திருக்கிறான். இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி வாங்கி, அதை மணலோடு சேர்த்து அவன் அப்பாவின் காலுறைக்குள் அடைத்து, குழாயில் வரும் நல்ல தண்ணீரை அதன் வழியாக வடிகட்டிக் குடிக்கிறான். கத்தரிக்காயைக் கண்டாலே முகம் சுளிப்பவன், வெட்டுக்கிளியில் எவ்வளவு புரதம் இருக்கிறது தெரியுமா என்று எனக்கே பாடம் நடத்துகிறான்.

ஆறுமுகம்: சாப்பிட்டுவிட்டானா?

காந்திமதி: பிடிபட்டால்தானே! உயிர்பிழைக்கும் கலை அவனைவிட அந்த வெட்டுக்கிளிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால், தண்ணீர் தீர்ந்துபோனால் சிறுநீரைக் குடிக்கலாம் என்கிறானே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

ஆறுமுகம்: கூடவே கூடாது. உடம்பு வேண்டாமென்று வெளியே தள்ளிய உப்பையும் கழிவையும் மறுபடி உள்ளே அனுப்பினால் தாகம் கூடுமே தவிரக் குறையாது.

காந்திமதி: நீங்கள் காட்டில் என்னதான் சாப்பிட்டீர்கள்?

ஆறுமுகம்: புளிச்சோறு. ரோந்துக்குக் கிளம்பும்போதே கட்டிக்கொண்டுதான் போவோம், அதுவும் தனியாகப் போக மாட்டோம். வழியில் கிடக்கும் யானைச் சாணம் சூடு ஆறாமல் இருந்தால், சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுவோம். இதைப் படம்பிடித்தால் பத்தே நிமிடத்தில் நிகழ்ச்சி முடிந்துவிடும். விளம்பரத்தை எங்கே போடுவார்கள்?

காந்திமதி: ரஜினியே அவரோடு போனாரே!

ஆறுமுகம்: 2020 ஜனவரியில், பந்திப்பூருக்கு, வனத்துறையின் அனுமதியோடும் ஒரு படப்பிடிப்புக் குழுவோடும் போனார். கிரில்ஸும் இலேசுப்பட்டவர் அல்லர். பிரிட்டன் ராணுவத்தில் பயிற்சி பெற்றவர், 1998இல் எவரெஸ்ட் ஏறியவர். அப்படிப்பட்டவரே, காட்டில் கழித்ததாகக் காட்டிய சில இரவுகளில் விடுதியில் தூங்கினார் என்று 2007இல் செய்தி வெளியாகி, அதன் பிறகு, சில காட்சிகள் ஏற்பாடு செய்யப்பட்டவை என்ற அறிவிப்பை நிகழ்ச்சியில் சேர்த்தார்கள். அந்த அறிவிப்பு ஓடும் நேரத்தில்தான் நம் பிள்ளைகள் முறுக்கு எடுக்க அடுப்படிக்கு ஓடுகிறார்கள்.

காந்திமதி: இவன் ஓடவில்லை போலிருக்கிறது அண்ணா. நேற்றிரவு கொசு கடித்ததும் இறங்கிவந்து ஏசி அறையில் படுத்துக்கொண்டு, கூடாரத்திலிருந்து கண்விழித்து வரும் காட்சியை எடுக்க வேண்டும், விடிவதற்குள் எழுப்பிவிடுங்கள் என்றான்.

ஆறுமுகம்: எடுப்பது யார்?

காந்திமதி: வேறு யார், என் வீட்டுக்காரர்தான்! காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுக் கைப்பேசியும் கையுமாக மாடியில் நிற்கிறார். படக்குழுவுக்குத் தோசை எப்போது வரும் என்று மேலேயிருந்து குரல் வேறு கொடுக்கிறார்.

ஆறுமுகம்: (துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு) வனத்துறையின் அனுமதி இல்லாமல் படப்பிடிப்பு நடத்துவது பெருங்குற்றம், அம்மணி. நேரில் வந்து விசாரிக்கிறேன். எனக்கும் இரண்டு தோசை ஊற்றிவிடுங்கள், முறுகலாக.