முப்பது நொடி ரெய்டும் மூன்று மணி நேரப் படமும்

ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு அக்கா மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். கபடிப் படம். 3 மணி 10 நிமிடம் ஓடுகிறது. பெயர் வேண்டாம். மண்ணில் உருண்டு உழைத்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து "இதுவும் இருக்கட்டும்" என்று சொன்னவர் மீதுதான்.

முதல் பாதி நன்றாகவே இருந்தது. இடது மூலையில் நிற்கும் ஒல்லியான ஒருவன், 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் பாடி வந்தவனின் கணுக்காலைப் பிடித்தபடி நடுக்கோடு வரை இழுபட்டுப் போவான். பிடியை மட்டும் விடமாட்டான். நாயகனின் அறிமுகக் காட்சிக்குக்கூட அவ்வளவு விசில் இல்லை.

இறுதிப் போட்டிக்கு வருவோம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள். கடைசி ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப்போகும் முறை. நாயகன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறான். அரங்கம் அடங்கியது. முன்வரிசையில் அதுவரை கைபேசியில் மூழ்கிக் கிடந்த பையன்கூட அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். அந்த நேரத்தில் படம் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம்.

நாயகன் காலை நீட்டினான். அப்பாவின் சாவு வந்தது. காலை இழுத்தான். அம்மா அடுப்பு ஊதினார், மூன்றாவது முறையாக. இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தான். காதலி பேருந்தில் ஏறிப் போனாள். ஒரு ரெய்டுக்கு விதிப்படி 30 நொடிதான். எங்களுக்கு அது ஆறு நிமிடம் ஓடியது. கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், ஒரு காலத்தில் ஆடியவர் போலும், என் பக்கம் சாய்ந்து, "தம்பி, இவனுக்குப் பாட்டு எப்போதோ விட்டுப்போயிருக்கும்" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல்: "நடுவரை எழுப்புங்கப்பா!" அரங்கமே சிரித்தது. அழ வேண்டிய இடம் அது. முன்வரிசைப் பையனின் கைபேசி மறுபடி ஒளிர்ந்தது.

வீட்டுக்கு வந்து முகநூலைத் திறந்தால், இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை, ரீல்ஸ் பார்த்தே கெட்டுவிட்டது என்று ஆளாளுக்கு உபதேசம். எனக்கு எரிச்சலாக வந்தது. டெஸ்ட் போட்டியை ஐந்து நாள் உட்கார்ந்து பார்க்கிற நாடு ஐயா இது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஐந்து நாள் ஆடின. சென்னை வெயிலில் வாந்தி எடுத்தபடியே ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்தார். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் இந்தியாவின் கடைசி ஆட்டக்காரர் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆக, இரு அணி ரன்னும் சமமாகி ஆட்டம் டையில் முடிந்தது. யாருக்கும் வெற்றி இல்லை. ஆனாலும் அதைப் பார்த்தவர்கள் இன்றும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். அந்த ஐந்து நாள் இல்லாவிட்டால் ஜோன்ஸின் 210க்கு என்ன பொருள்? அங்கே நீளத்துக்கு ஒரு வேலை இருந்தது.

சினிமாவிலும் இது நடந்திருக்கிறது. 2001இல் வந்த இந்திப் படம் 'லகான்' 224 நிமிடம். பின்பாதியின் பெரும்பகுதியை, வரியைப் பணயம் வைத்து ஆடும் ஒரே கிரிக்கெட் ஆட்டமே எடுத்துக்கொள்கிறது. நம் மக்கள் அதையும் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். அதில் ஒரு விக்கெட் விழுந்தால் ஒரு ஊரின் வரி கூடுகிறதா குறைகிறதா என்ற கணக்கு நம் மனதிலும் ஓடும். பந்து வீசப்படுகிற நேரத்தில் பந்தைக் காட்டினார்கள். பார்வையாளர் கேட்பது அவ்வளவுதான்.

இப்போது ஆட்டத்தைக் காட்டுவதைவிட, ஆட்டத்தைப் பார்ப்பவர்களைக் காட்டுவதே அதிகம். ஒருவன் கோட்டைத் தொட்டால் பயிற்சியாளர் கண் கலங்குவார், ஊரில் தொலைக்காட்சி முன்னால் பாட்டி கைகூப்புவார், வில்லன் பல்லைக் கடிப்பான். போதாததற்கு அந்த வர்ணனையாளர்கள்! திரையில் ஒருவன் குப்புற விழுகிறான், "விழுந்துவிட்டார்!" என்று நமக்குச் சொல்கிறார்கள். நாங்களும் அங்கேதானே இருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. முதல் வாரம் திட்டு வாங்கிய பிறகு இருபது நிமிடம் குறைத்துவிட்டோம் என்று அறிவிக்கிறார்கள். முதல் நாள் பார்த்தவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உங்கள் படத்தொகுப்பு வேலையைச் செய்துகொடுத்திருக்கிறான். அவனுக்கு ஒரு நன்றியாவது சொல்லுங்கள்.

வண்டி நிறுத்தத்தில் பெரியவரை மறுபடி பார்த்தேன். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா மகன் என் சட்டையை இழுத்தான்.

"மாமா, காலைப் பிடிப்பாரே ஒல்லி அண்ணன், அவர் ஏன் கடைசி மேட்ச்சில் இல்லை?"

எனக்கு நினைவில்லை. இடைவேளைக்கு முன்னால் முழங்காலில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான், அதோடு சரி. பெரியவரைப் பார்த்தேன். அவரும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருந்தார்.