அந்தத் துண்டு குப்பை இல்லை

நம்ம ஊர் பழைய ஐஸ் பிளாண்டை வீடுகளாக மாற்றும் திட்டத்துக்குப் பணம் சேர்க்க, ஞாயிற்றுக்கிழமை கல்யாண மஹாலில் கூட்டம் போட்டார்கள். அங்கே நடந்ததை அந்த நாற்பது செகண்ட் வீடியோவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் மஞ்சப்பையிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டை எடுத்து மேசை மேல் வைக்கிறேன். மேடையில் இருந்தவர், "தம்பி, இந்தக் குப்பையை எடுத்து வெளியே போடுப்பா" என்கிறார். சபை சிரிக்கிறது. அவ்வளவுதான் வீடியோ. அதற்கு முன்னால் நான் கேட்ட கேள்வியை யாரோ வெட்டிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பழைய ஐஸ் பிளாண்டை லாஃப்ட் வீடுகளாக, அதாவது உயரமான கூரையும் தடுப்பில்லாத தளமும் கொண்ட வீடுகளாக மாற்றி விற்கப் போகிறீர்கள். அந்தக் கட்டடத்தின் கான்கிரீட்டைச் சோதித்த அறிக்கை எங்கே?

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இல்லை, இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் வரவில்லை. குப்பை என்ற சொல்தான் வந்தது.

அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று கேட்கிறவர்களுக்கு: வாப்பா அங்கே 26 வருடம் ஆபரேட்டராக இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவர்களுக்குச் சாயா கொண்டு போவது என் வேலை. உள்ளே போனால் தரை முழுக்க மரப் பலகை மூடிகள். மூடிக்கு அடியில் உப்புக் கரைசல் தொட்டி. கேன்களில் நல்ல தண்ணீரை நிரப்பி அந்தக் கரைசலுக்குள் இறக்கிவிடுவார்கள். கரைசல் உறையாது, கேனுக்குள் இருக்கும் தண்ணீர் உறையும். ஒரு பார் ஐஸ் கட்ட கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். கட்டியதும் செயின் போட்டுக் கேனைத் தூக்கி, சாதாத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு. பார் நழுவித் தடாலென்று பலகையில் விழும். தூக்கும் ஒவ்வொரு தடவையும் கேனிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகும். தூணில் வடியும், பீமில் தெறிக்கும், தரையில் ஓடும். வாப்பாவின் குதிகால் வெடிப்பில் எப்போதும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ராத்திரி உம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். மனிதன் காலே அப்படி ஆகும் என்றால், அந்தத் தூண்கள் இத்தனை வருடத்தில் எவ்வளவு உப்பைக் குடித்திருக்கும்?

கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் கிடப்பதற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மை. அது கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய படலத்தைப் போட்டு வைக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் அந்தப் படலம் போயிற்று. அப்புறம் துரு. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காததால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். வெளியே பார்த்தால் மயிரிழை போல ஒரு விரிசல். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் அதுவும் தெரியாது.

சனிக்கிழமை காலை பிளாண்டுக்குள் போனேன். கேட் திறந்துதான் கிடந்தது. தொட்டிக்கு மேலே ஓடும் பீமின் அடிப்பக்கம் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. உளி இல்லை, சுத்தியல் இல்லை. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டு. அதன் ஒரு பக்கத்தில் கம்பி பதிந்திருந்த பள்ளம். பள்ளம் முழுக்கச் செம்பழுப்பாக, அடுக்கு அடுக்காக, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற துரு. கூட்டத்தில் நான் வைத்தது அதைத்தான். 38 லட்சம் ரூபாய்க்கு அவர்கள் விற்கப் போகும் வீட்டின் பீமிலிருந்து கையோடு வந்த துண்டு அது. அதற்குத்தான் குப்பை என்று பெயர் வைத்தார்கள்.

"நீங்கள் எஞ்சினியரா காக்கா (அண்ணே)?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இல்லை. துபாயில் 19 வருடம் கட்டடப் பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்தேன். எஞ்சினியர் வந்து சோதிக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். கான்கிரீட்டைத் துளைத்து உருளை மாதிரி எடுத்து அதில் எவ்வளவு குளோரைடு என்று பார்க்கச் சொல்கிறேன். கம்பியில் அரிப்பு நடந்துகொண்டிருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று மின்னழுத்தம் வைத்து அளக்கச் சொல்கிறேன். இந்தியத் தர விதி ஐஎஸ் 456, கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைதான் அனுமதி. அது புதிதாகக் கட்டும்போது உள்ள கணக்கு. கட்டி முடித்த பிறகு பல வருடம் உப்புக் கரைசலில் நனைந்த கட்டடத்தில் இப்போது எவ்வளவு இருக்கிறது? சோதிக்காமல் யாருக்குத் தெரியும்?

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1997-ல் துபாயிலிருந்து லீவில் வந்து அவசர அவசரமாக வீடு கட்டினேன். நல்ல தண்ணீர் டேங்கர் அடித்தால் செலவு அதிகம், போர்வெல் தண்ணீரே போதும் என்று நான்தான் சொன்னேன். நம்ம ஊர் போர்வெல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011-ல் ஒரு நாள் விடியற்காலை, சுபுஹு தொழுகைக்கு முன்னால் பெரிய சத்தம். லைட்டைப் போட்டுப் பார்த்தால் தொட்டிலுக்குள் கூரையின் ஒரு பாளம். பேத்திக்கு அப்போது நாலு மாதம். பால் கொடுக்க மகள் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் தூக்கியிருக்கிறாள். அந்தத் தொட்டில் துணியில் இருந்த மணலை நான் கையால் அள்ளினேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறேன். நிறுத்த முடியவில்லை.

சரி, பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் உப்புக்காற்றோடு நூறு வருடத்துக்கு மேல் போராடியது. 2022 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு என்ன கம்பி போட்டார்கள் தெரியுமா? துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. 550 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டுகிறவர்களே இந்தக் காற்றுக்குப் பயந்து அப்படிச் செய்கிறார்கள். இங்கே 14 குடும்பங்களை ஏற்றப் போகும் பழைய பீமுக்கு ஒரு சோதனை கேட்டால் நான் ஊர் வளர்ச்சிக்கு எதிரியாம்.

வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஸ்லைடில் நியூயார்க் படத்தைக் காட்டினார்கள். நமக்கு லாஃப்ட் என்றால் சமையலறையில் அண்டா வைக்கிற பரண். அங்கே லாஃப்ட் என்றால் உயரமான கூரையும் நடுவில் தடுப்பில்லாத அகலமான தளமும் கொண்ட பழைய தொழிற்கூடம். சோஹோ பகுதியில் தொழில்கள் வெளியேறிய பிறகு 1960-களில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்குக் குடியேறினார்கள். அங்கேயே வேலை, அங்கேயே படுக்கை. 1971-ல்தான் கலைஞர்கள் அங்கே வசிப்பதை நகர விதி ஏற்றுக்கொண்டது. 1982-ல் தனியாக லாஃப்ட் சட்டமே போட்டார்கள். குடியிருக்கத் தகுந்த பாதுகாப்பு நிலைக்குக் கட்டடத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கட்டாயம். இதை ஸ்லைடில் ஏன் போடவில்லை?

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கட்டடங்களுக்குப் பெரிய பெரிய ஜன்னல்கள். வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். ஐஸ் பிளாண்டுக்கு வெயிலும் வெளிச்சமும் எதிரி. ஜன்னலே வைக்காமல் கட்டிய சுவர் அது. வெளிச்சத்துக்காக அதை உடைத்தால் பாரம் எங்கே போகும்? மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம். சோதித்த அறிக்கை எங்கே?

பழைய கட்டடத்தை மாற்றுவதே தப்பு என்று நான் எங்கும் சொல்லவில்லை. துபாய் அல்கூஸில் கிடங்குகள் ஓவியக் கூடங்களாக மாறியதைக் கண்ணால் பார்த்தவன். அழகாக இருக்கும். ஆனால் கிடங்கு வேறு, உப்பில் ஊறிய பிளாண்ட் வேறு.

வேலை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும், சந்தோஷம்.

சட்டத்தைப் பற்றிப் பேசினால் அதிகாரிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பணம் போடுகிறவர்கள் நீங்களும் கொஞ்சம் பாருங்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில், இருக்கிற கட்டடத்தை விற்பனைக்காகக் குடியிருப்புகளாக மாற்றுவதும் திட்டம்தான். எட்டுக்கு மேல் வீடு என்றால் பதிவு செய்யாமல் விளம்பரமும் செய்யக் கூடாது, புக்கிங்கும் வாங்கக் கூடாது. இவர்கள் சொல்வது 14 வீடு. அன்று கொடுத்த நோட்டீஸில் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். நான் இரண்டு பக்கமும் தேடினேன், இல்லை. ஆனால் புக்கிங் என்று 5 லட்சம் கேட்கிறார்கள். எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். 38 லட்சத்தில் பத்து சதவீதம் எவ்வளவு?

கடற்கரை ஒழுங்குமுறை விதியும் இருக்கிறது. உயர் ஓத எல்லையிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிற இடம் அது. மீனவர்களுக்குத் தேவையான வசதிகள் என்று அந்த விதியில் ஒரு பட்டியல் உண்டு: மீன் காயவைக்கும் களம், ஏலக் கூடம், வலை பின்னும் இடம், ஐஸ் பிளாண்ட். அந்தக் கட்டடம் கரையோரத்தில் நிற்பதற்கான நியாயமே அதுதான். மீன்பிடிக்கிறவனுக்காக நின்ற கட்டடம், லேப்டாப் வைத்து வேலை செய்கிறவருக்கு வாடகைக்கு விடும் வீடாக மாறும்போது அதே நியாயம் எப்படிப் பொருந்தும்?

வருடத்துக்கு 12 சதவீதம் வாடகை உத்தரவாதம் என்கிறார்கள். 38 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 38,000. எங்கள் தெருவில் நல்ல மாடி வீடு 7,000-க்குப் போகிறது. அந்த 38,000-ஐக் கொடுக்கப் போகிறவர் யார்? ராமேஸ்வரம் வருகிறவர்கள் தீர்த்தமாடிவிட்டு மறுநாள் கிளம்பிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் இந்த மாதிரி நோட்டீஸ் வருவது முதல் தடவை இல்லை. 1994-ல் இறால் பண்ணைக்குப் பங்கு சேர்த்தார்கள். அப்போதும் கூட்டம், பிரியாணி, உத்தரவாதம். வாப்பா சேமிப்பைப் போட்டார்கள். போதாததற்கு உம்மா கையில் கிடந்த நாலு வளையலையும் கழற்றிக் கொடுத்தார்கள். வெள்ளைப் புள்ளி நோய் வந்து ஒரே வாரத்தில் குளத்தில் இறால் எல்லாம் செத்து மிதந்தது. பங்கு சேர்த்தவர்கள் எங்கள் வீட்டில் மௌத்து, சாவு என்றபோதுகூட வரவில்லை. உம்மா கடைசி வரை வெறுங்கையோடுதான் இருந்தார்கள். இப்போது லாத்தா (என் அக்கா), மச்சான் பென்ஷன் பணத்திலிருந்து 5 லட்சம் எடுத்துக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் கேள்வி கேட்காமல் எப்படி இருப்பேன்?

வாட்ஸ்அப் குரூப்பில் என் சொந்த மருமகனே எழுதியிருக்கிறான்: "மாமாவுக்கு வயிற்றெரிச்சல். தன்னால் வாங்க முடியவில்லை என்று பேசுகிறார்." கீழே பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். ஆறு பேர் என் வீட்டில் சாப்பிட்ட பிள்ளைகள். அவன் காலேஜ் முதல் வருட ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். நான் சொல்லிக்காட்ட மாட்டேன். என்னிடம் 38 லட்சம் இல்லை, உண்மைதான். பணம் இல்லாதவன் கூரையைப் பார்த்துச் சொன்னால் கூரை விழாமல் இருந்துவிடுமா?

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த பிளாண்ட் மூடிய வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வத்தைப் படகுக்காரர்கள் மண்டபத்திலிருந்து லோடு ஆட்டோவில் ஐஸ் ஏற்றிவர ஆரம்பித்தார்கள். அரை பார் வாங்கி, சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போய் மீன் விற்ற பெண்களில் பாதிப் பேர் தொழிலையே விட்டார்கள். அப்போது யாரும் மஹால் பிடித்துக் கூட்டம் போடவில்லை. யாரும் ஸ்லைடு காட்டவில்லை. சம்பளப் பாக்கி கேட்டு வாப்பாவும் இன்னும் எட்டுப் பேரும் வாசலில் நின்றார்கள். நாலு நாள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். மும்பையில் பீனிக்ஸ் மில் நின்ற இடத்தில் இப்போது பெரிய மால். அந்த மில்லில் தறி ஓட்டியவர்கள் அந்த மாலுக்குள் போனால் எங்கே நின்று எதைப் பார்ப்பார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்லைடில் எனக்கு அது தெரிந்துவிட்டது. கம்ப்ரசர் பக்கத்தில் வாப்பா துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கும் இடம். அம்மோனியா கசிகிற நாட்களில் அங்கேதான் நிற்பார்கள். படத்தில் அதே இடத்தில் சோபா போட்டு, ஒரு ஜோடி காபி குடித்துக்கொண்டிருந்தது. பார்த்ததும் தொண்டை அடைத்தது. அதனால்தான் குரல் உயர்ந்துவிட்டது. குரல் உயர்ந்ததற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன். கேள்விக்குக் கேட்க மாட்டேன்.

அந்தத் துண்டை வெளியே போடச் சொன்ன தம்பி அதைப் போடவில்லை. படிக்கட்டில் வைத்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்க காக்கா" என்று மெதுவாகச் சொன்னார். இப்போது எங்கள் வீட்டு ஜன்னல் திண்டில் இருக்கிறது. இரண்டு நாளில் அதற்கு அடியில் விரித்த பேப்பர் முழுக்கத் துரு உதிர்ந்திருக்கிறது. பணம் போட நினைக்கிறவர்கள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். லாத்தா நாளைக்கு வருகிறார்கள். திட்டக்காரர்களிடம் அறிக்கை இருந்தால் இதே பதிவின் கீழே போடுங்கள். படித்துவிட்டு லாத்தாவுக்கு நானே வாசித்துச் சொல்கிறேன்.