பெரிய எஞ்சின் தப்பில்லை, கனத்த மூக்குதான் தப்பு

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய எஞ்சின் வைக்கலாமா என்ற பேச்சு எடுத்தாலே நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஃபாக்டரியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், ஒரு நட்டு மாறினாலும் அது வேறு கார் என்பவர்கள் ஒரு பக்கம். பானெட்டுக்குள் இடம் இருந்தால் எதை வேண்டுமானாலும் இறக்கலாம் என்பவர்கள் இன்னொரு பக்கம். நான் எஞ்சின் மாற்றுவதை ஆதரிப்பவன். ஆனால் குதிரைத்திறன் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், முன் சக்கரங்கள் மேல் எத்தனை கிலோ கூடப்போகிறது என்று கேட்பேன். அதற்குச் சரியான பதில் வந்தால் மட்டுமே என் ஆதரவு.

இதற்கான ஆதாரம் ஒரே காரில் இருக்கிறது. எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962ல் தொடங்கி 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள். அதன் எஞ்சின் 1,798 சிசி, நான்கு சிலிண்டர், பி-சீரிஸ். நம்மூர் அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். உழைப்பாளி எஞ்சின், எந்த மெக்கானிக்கும் பிரித்துக் கோக்கலாம். வேகம் மட்டும்தான் குறைவு. அந்தக் காரின் உடம்புக்கு இதைவிட அதிகம் தாங்கும் தெம்பு இருந்தது என்பது கட்டியவர்களுக்கே தெரியும்.

முதல் முயற்சி 1967ல் வந்த எம்ஜிசி. ஆறு சிலிண்டர், 2,912 சிசி, 145 குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் குறையே கிடையாது. ஆனால் அது வார்ப்பிரும்பு எஞ்சின். நான்கு சிலிண்டரைவிட 90 கிலோவுக்கு மேல் கூடுதல் கனம், நீளமும் அதிகம். அதை உள்ளே வைக்க முன் சஸ்பென்ஷனின் குறுக்குச் சட்டத்தையே எடுத்துவிட்டு டார்ஷன் பார் என்ற, முறுக்கி எடை தாங்கும் கம்பி போட்டார்கள். பானெட்டில் ஒரு பெரிய புடைப்பு, கார்புரேட்டருக்காக அதன் மேல் இன்னொரு சின்னப் புடைப்பு. இவ்வளவு வேலைக்குப் பிறகும் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு நேராகத்தான் போகப் பார்த்தது. அன்றைய பத்திரிகைக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. 1969லேயே நிறுத்திவிட்டார்கள், மொத்தம் ஒன்பதாயிரம் கார்தான் வந்திருக்கும். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போக நல்ல வண்டி என்று எம்ஜிசி வைத்திருப்பவர்கள் சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எம்ஜிபியிடம் இருந்த அந்தச் சுறுசுறுப்பு அதில் தொலைந்துபோனது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர் 1970 வாக்கில் எம்ஜிபிக்குள் ரோவரின் 3,528 சிசி வி8 எஞ்சினை இறக்கி விற்கத் தொடங்கினார். எட்டு சிலிண்டர் என்றதும் எம்ஜிசியைவிட மோசமாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ரோவர் எஞ்சினின் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். மொத்த எடை அந்தப் பழைய இரும்பு நான்கு சிலிண்டரோடு ஏறத்தாழ சமம். நீளமும் குட்டை என்பதால் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டது. எம்ஜியின் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் அவருடைய காரை வரவழைத்துப் பார்த்தது. 1973 ஆகஸ்டில் தானே, கூரை மடங்காத ஜிடி மாடலில், எம்ஜிபி ஜிடி வி8 என்று வெளியிட்டது.

அந்த ஃபாக்டரி வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கார்புரேட்டர் இரண்டையும் எஞ்சினுக்குப் பின்பக்கம் கொண்டுபோக ஒரு புது மேனிஃபோல்ட் (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்) செய்தார்கள். அதனால் பானெட்டில் புடைப்பே வேண்டியிருக்கவில்லை. ரேடியேட்டரை முன்னால் நகர்த்தி இரண்டு மின்விசிறி வைத்தார்கள். கம்பிச் சக்கரம் இந்த இழுவையைத் தாங்காது என்பதால் நடுவில் அலாய், விளிம்பில் குரோம் பூசிய எஃகு என்று டன்லப் சக்கரம் போட்டார்கள். கியர்பாக்ஸ் பாவம் என்று மூன்றாவது கியரில் ஓவர்டிரைவையும் (எஞ்சின் சுழற்சியைக் குறைத்து ஓட்ட உதவும் கூடுதல் கியர்) பிறகு எடுத்துவிட்டார்கள். எஞ்சினின் பலம் 137 குதிரைத்திறன். எம்ஜிசியைவிட எட்டு குறைவு! ஆனாலும் ஓட்டிப் பார்த்தவர்கள் பலரும் கைகாட்டியது இந்தக் காரைத்தான். சக்தி குறைந்து, கனமும் குறைந்து, கார் மேலாகிவிட்டது. என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

கெட்ட நேரம், கார் வந்த இரண்டே மாதத்தில் எண்ணெய் நெருக்கடி. 1976ல் நிறுத்தும்போது 2,591 கார்தான் ஆகியிருந்தது. மேல்கூரை மடங்கும் மாதிரியில் வி8ஐ அன்றைக்கு ஃபாக்டரி விற்கவே இல்லை. அதற்கு 1993ல் வந்த எம்ஜி ஆர்வி8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போய்விட்டது.

அந்த ரோவர் எஞ்சினும் பிறப்பால் பிரிட்டிஷ் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1961ஆம் ஆண்டு மாடல்களுக்காக ப்யூக் பெயரில் கொண்டுவந்து, 1963லேயே கைவிட்ட எஞ்சின் அது. அலுமினிய வார்ப்பில் கழிவும் செலவும் அதிகம், மெல்லிய இரும்பு வார்ப்பு மலிவு என்று அமெரிக்கர்கள் விட்டுவிட்டார்கள். 1965ல் ரோவர் உரிமை வாங்கியது. அமெரிக்கா வேண்டாமென்று தள்ளியது பிரிட்டனில் நாற்பது வருஷம் சோறு போட்டது. மால்வெர்னில் மோர்கன் நிறுவனம் 1968லேயே அதை எடுத்து பிளஸ் 8 செய்து 2004 வரை விற்றது. மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய அந்தப் பழங்காலத்து உடம்புக்குள் ஒரு அமெரிக்க வி8! "அசல்" என்று சண்டை போடுகிறவர்கள் யாராவது பிளஸ் 8ஐப் போலி மோர்கன் என்று சொல்வார்களா?

அதனால்தான் அசல் வாதம் எனக்கு ஒப்பவில்லை. பெரிய எஞ்சின் மாற்றுவது இந்தக் கார்களின் சொந்தப் பரம்பரையிலேயே உள்ள வேலை. ஆஸ்டின் ஹீலி நான்கு சிலிண்டரில் தொடங்கி ஆறு சிலிண்டர் 3000 ஆனது. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்குள் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டரை வைத்து ஜிடி6 என்று ட்ரையம்பே விற்றது. ஏசி ஏஸ் என்ற அழகான சின்னக் கார், ப்ரிஸ்டல் எஞ்சின் வரத்து நின்று தவித்தபோதுதான் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி ஃபோர்டு வி8ஐக் கொண்டுவந்தார். 1962ல் கோப்ரா பிறந்தது. அங்கேயும் ஒரு பாடம் உண்டு. 4.2 லிட்டர், 4.7 லிட்டர் வரை ஏஸின் சேஸிஸைப் பலப்படுத்தியே சமாளித்தார்கள். 7 லிட்டர் எஞ்சின் வந்தபோது சேஸிஸையே மாற்றி, குழாயைப் பருமனாக்கி, குறுக்கே இருந்த பட்டை ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டார்கள். எஞ்சினுக்குத் தகுந்த கார் வேண்டும் என்பதில் ஷெல்பிக்கே சலுகை கிடைக்கவில்லை.

சன்பீம் டைகரைச் சொல்லாமல் போனால் இந்தப் பதிவு முழுமையாகாது. ஆல்பைன் என்ற சாதுவான காரில் ஃபோர்டின் 4.2 லிட்டர் வி8. சன்பீமைச் செய்த ரூட்ஸ் நிறுவனத்தின் அமெரிக்க மேற்குக் கரைப் பொறுப்பாளர் ஐயன் கராட் போட்ட திட்டம்; மாதிரிக் காரை ஷெல்பி செய்து கொடுத்தார். எஞ்சின் சட்டத்துக்குள் உட்கார வேண்டுமானால் பழைய ஸ்டியரிங் பெட்டி போக வேண்டும் என்பதால் ரேக் அண்ட் பினியன் வகை ஸ்டியரிங் வந்தது. 1964லிருந்து வெஸ்ட் ப்ராம்விச்சில் ஜென்சன் ஆலையில் கோத்தார்கள். வர்ணம் அடித்து வந்த பாடியில், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டைச் சம்மட்டியால் அடித்து உள்ளே தள்ளித்தான் எஞ்சினை இறக்கினார்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டுமென்றால் காருக்குள் உட்கார்ந்து, தகட்டில் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டுக் கையை விட வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் செய்து விற்ற கார் இது! கடைசியில் ரூட்ஸ் க்ரைஸ்லர் கைக்குப் போனது. போட்டிக் கம்பெனி ஃபோர்டின் எஞ்சினை க்ரைஸ்லர் எத்தனை நாள் விற்கும்? தன் வி8ஐ வைத்துப் பார்த்தால், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் ஃபோர்டு எஞ்சினில் முன்பக்கம் இருக்கிறது, க்ரைஸ்லர் எஞ்சினில் பின்பக்கம்; இடமே இல்லை. 1967ல் டைகர் முடிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒரு காரின் ஆயுளையே தீர்மானித்திருக்கிறது. எஞ்சின் மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் அளவுகோலை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சென்னைக்காரர்கள் இதன் தலைகீழ்ப் பாடத்தையும் கண்ணால் பார்த்தவர்கள். இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 இந்த 3.5 லிட்டர் வி8ஓடு ஓடிய கார். அதே உடம்பை எண்பதுகளின் நடுவில் சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தது. உள்ளே வைத்தது 1940களில் வேன்கார்டு காருக்காகச் செய்த இரண்டு லிட்டர் எஞ்சின். அந்த எஞ்சின் ஐம்பதுகளில் ட்ரையம்ப் டிஆர்2 என்ற எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரில் சிட்டாகப் பறந்தது. எஸ்டி1இன் பெரிய உடம்பில் மூச்சு வாங்கியது. சில வருஷத்திலேயே தயாரிப்பு நின்றுவிட்டது. எஞ்சினை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. அது எந்த உடம்புக்குள் போகிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, இன்று செய்பவர்களுக்கு. முதலில் பிரேக். பிறகு ரேடியேட்டர். பிறகு பின் ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும். எஞ்சின் கடைசி. நிறையப் பேர் எஞ்சினை முதலில் வாங்கிக் கராஜில் ஸ்டாண்டில் நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு பணமெல்லாம் அதற்கே போய், பழைய பிரேக்கோடு சாலையில் இறங்குகிறார்கள். 95 குதிரைத்திறனுக்குச் செய்த பிரேக்கை வைத்துக்கொண்டு 250 குதிரைத்திறனை நிறுத்த முயல்வது எதிரே வருபவரின் உயிரோடு விளையாடுவது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. இன்ஷூரன்ஸ்காரரிடம் மாற்றத்தை எழுத்தில் சொல்லாமல் ஓட்டுகிறவர்களிடமும் இதே கோபம்தான்.

எடையில் இன்றைக்கு நல்ல வழிகள் உண்டு. பழைய ரோவர் வி8 இன்னும் எம்ஜிபிக்குப் பொருத்தமான ஜோடி. ரோவரின் ஐந்து கியர் பெட்டியோடு வைத்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தாமல் ஓடும். எக்ஸாஸ்டை, எஞ்சினுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் துளையிட்டு வெளியே எடுத்தால் ஸ்டியரிங் தண்டில் இடிக்காது, சூடும் குறையும். ஆர்வி8இல் ஃபாக்டரியே அப்படித்தான் செய்தது. ஸ்பிட்ஃபயர், மிட்ஜெட் மாதிரிச் சின்னக் கார்களுக்கு வி8 பக்கமே போகாதீர்கள். பின்னாளில் வந்த அலுமினிய நான்கு சிலிண்டர் எஞ்சின்கள், ரோவர் கே-சீரிஸ் மாதிரி, எடையையும் குறைத்துச் சக்தியையும் கூட்டும். சத்தம் குறைவாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஒரு மாடலில் மட்டும் எஞ்சின் மாற்றுவதையே நான் எதிர்க்கிறேன். ட்ரையம்ப் ஸ்டாக். 1970ல் அதற்கென்றே மூன்று லிட்டர் வி8 ஒன்றைச் செய்தார்கள். தண்ணீர் பம்ப் எஞ்சினின் உச்சியில் இருந்ததால், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது பம்ப்தான். வார்ப்பு மணலும் நீர்ப்பாதையில் தங்கிவிடும். எஞ்சின் கொதித்து, அலுமினிய ஹெட் வளைந்து, பெயர் கெட்டது. சலித்துப்போனவர்கள் ரோவர் வி8, ஃபோர்டு வி6 என்று மாற்றினார்கள். அன்றைக்கு அது நியாயம், வேறு வழி இல்லை. இன்றைக்கு நோய் என்னவென்று தெரியும், மருந்தும் உண்டு. நல்ல ரேடியேட்டர், சுத்தம் செய்த நீர்ப்பாதை, காலத்தில் மாற்றிய டைமிங் செயின் இருந்தால் அந்த எஞ்சின் ஓடுகிறது. அந்தச் சத்தம் வேறு எந்த எஞ்சினிலும் வராது. அதை ஸ்கிராப்புக்குப் போடாதீர்கள்.

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, எழுபதுகளின் தொடக்கத்து குரோம் பம்பர் எம்ஜிபி ஜிடி கிடைச்சிருக்கு, எஞ்சின் நம்பர் எல்லாம் ஒத்துப்போகுது. வி8 வைக்கலாமா?" அந்தக் காரைத் தொடாதே என்று சொன்னேன். பிறந்தபோது இருந்த எஞ்சினோடு தப்பிவந்த கார் அது, அப்படியே காப்பாற்று. வி8க்கு, பின்னாளில் வந்த ரப்பர் பம்பர் எம்ஜிபி ஒன்றைத் தேடு; ஜிடி வி8 வந்த பிறகு கட்டியதால் முன்பக்கத் தகடுகளே அதற்குத் தோதாக இருக்கும், விலையும் குறைவு, எஞ்சின் செத்துக் கிடந்தால் இன்னும் நல்லது. எதை மாற்றினாலும் தகட்டை வெட்டாமல் போல்ட் போட்டு மாற்று. கழற்றிய எஞ்சினை எண்ணெய் பூசி, போர்த்தி, காரோடு சேர்த்தே வைத்திரு. நாளைக்கு வாங்குகிறவர் பழைய எஞ்சினையே திரும்ப வைக்க நினைத்தால் ஒரு வாரத்தில் வைக்க முடிய வேண்டும்.