கூட்டம் சரி, எது நின்றது?

எங்காவது ஒரு நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கிவிட்டால் அன்றைக்கு என் டைம்லைன் முழுக்க ஒரே படம்தான். டிரோனில் எடுத்த படம், எள் போட்டால் எள் விழாத கூட்டம். கீழே 'மக்கள் சக்தி', 'இனி இந்த ஆட்சி தாங்காது' என்று கமெண்டுகள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஆட்சி, அதே சட்டம். படத்தைப் பகிர்ந்தவர்கள் அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள். மிச்சம் இருக்கும் சிலர், "அறவழியெல்லாம் சும்மா, அடிச்சாதான் கேப்பானுங்க" என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இந்த இரண்டு தரப்போடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு எழுகிற கேள்வி ஒன்றுதான். இவர்கள் இங்கே நிற்பதால் வேறெங்கே எது நின்றது? பஸ் நின்றதா, துறைமுகம் நின்றதா, கல்லாப்பெட்டியில் பணம் விழுவது நின்றதா? ஒன்றுமே நிற்கவில்லை என்றால் அது ஒரு பெரிய திருவிழா. திருவிழா தப்பில்லை, பயம் தெளிய அதுவும் வேண்டும்தான். ஆனால் ஆட்சியாளருக்கு அதனால் ஒரு வேளைச் சாப்பாடுகூடக் குறையாது.

அறவழிப் போராட்டம் என்றதும் நம்மில் பலருக்கு மனதில் வருவது, அடி வாங்கியபடி அமைதியாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து எதிரியின் நெஞ்சம் உருகும் காட்சி. உருகலாம், உருகாமலும் போகலாம். அதை நம்பி யாரும் போராட்டத்தில் இறங்கக் கூடாது என்பேன். எவ்வளவு பெரிய சர்வாதிகாரியும் தானே வண்டி ஓட்டி, தானே வரி வசூலித்து, தானே மின்சாரம் தயாரித்து ஆட்சி நடத்துவதில்லை. எல்லாம் அடுத்தவர் கையால் நடக்கிறது. அந்தக் கைகள் விலகிக்கொண்டால் கதை வேறு. இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. விலகிய கைகளின் சொந்தக்காரர்கள் மறுநாள் எப்படிச் சாப்பிடுவார்கள், எப்படி வேலைக்குப் போவார்கள் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் போராட்டமே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண்மணி தற்செயலாக மறுத்தார், ஊரே பொங்கி எழுந்தது என்று இதைப் பள்ளிக்கூடக் கதையாகச் சொல்வார்கள். பொங்கவெல்லாம் இல்லை. அந்த ஊரில் கறுப்பினப் பெண்களின் அரசியல் அமைப்பு ஒன்று இருந்தது. அதன் தலைவி ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1954 மே மாதமே, அதாவது ஒன்றரை வருடம் முன்பே, பஸ்களைப் புறக்கணிக்க நேரிடும் என்று மேயருக்கு எழுதிவிட்டார். ரோசா பார்க்ஸும் சாதாரண ஆள் இல்லை, கறுப்பினத்தவரின் உரிமை இயக்கத்தில் பல வருடம் செயலாளராக இருந்தவர். அவர் கைதான அன்று இரவே ராபின்சன் ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியின் ரோனியோ மெஷினில் விடிய விடிய நோட்டீஸ் அடித்தார். ஆயிரக்கணக்கில். அரசுப் பணத்தில் ஓடுகிற கல்லூரி, தெரிந்தால் வேலை போய்விடும். விடிந்ததும் கட்டுக் கட்டாக ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின.

ஒருநாள் புறக்கணிப்பு பெரிய விஷயம் இல்லை. அது 381 நாள் நீடித்ததுதான் விஷயம். பஸ்ஸில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர், பெரும்பாலும் வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் போகிறவர்கள். எவ்வளவு நாள் நடப்பார்கள்? முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றிச் சென்றார்கள். நகர நிர்வாகம் பார்த்தது. டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட், அதற்குக் கீழே வாங்கினால் வழக்கு என்றது. சரி என்று இவர்கள் சொந்தக் கார்களைத் திரட்டி, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எந்த வண்டி நிற்கும் என்று அட்டவணை போட்டு ஒரு இணைப் போக்குவரத்தையே நடத்திவிட்டார்கள். முந்நூறு கார்கள் வரை ஓடின. உடனே கார்களுக்கான இன்சூரன்ஸ் ரத்தானது. திரும்ப எடுத்தார்கள், திரும்ப ரத்தானது. கடைசியில் லண்டனின் லாய்ட்ஸ் வழியாகக் காப்பீடு வாங்கி வண்டியை ஓட்டினார்கள். இந்த இன்சூரன்ஸ் சங்கதியை எந்த மேடையிலும் யாரும் முழங்கி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் காகிதம் கிடைக்காமல் போயிருந்தால் ஓட்டம் அங்கேயே நின்றிருக்கும்.

பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, தன்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு சாண்ட்விச்சும் கேக்கும் செய்து விற்றுப் பணம் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்' என்கிற மாதிரி. ஏனென்றால், பணம் எங்கிருந்து வந்தது என்று எவராவது கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று பொய் கலக்காமல் சொல்லலாம். வாங்கித் தின்றவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. வெள்ளைக்கார வீட்டம்மாக்கள் சிலர் வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் போய் அழைத்துவரத் தொடங்கினார்கள். அதை நிறுத்துங்கள் என்று மேயர் கேட்டுப் பார்த்தார். அவரா வந்து பாத்திரம் கழுவப் போகிறார்?

'தீர்ப்புதானே ஜெயித்தது, புறக்கணிப்பு எங்கே ஜெயித்தது' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், பஸ்ஸில் இனப்பாகுபாட்டை ஒழித்தது 1956 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்ற முடிவு. ஆனால் அந்த வழக்கைப் பிப்ரவரி மாதம், நடுப் போராட்டத்தில், போட்டவர்களும் இதே ஆட்கள்தான். தெருவையும் கோர்ட்டையும் அவர்கள் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் வேலைநிறுத்தம். முதல் வாரம் வாயிற்கூட்டத்தில் நான்தான் சத்தமாகக் கோஷம் போட்டவன், தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் வாரம் கூட்டம் பாதியானது. மூன்றாம் வாரம் ஒரு காலை, என்னோடு பத்து வருடம் ஒரே மெஷினில் நின்றவர் தலையைக் குனிந்தபடி உள்ளே போனார். 'கருங்காலி' என்று யாரோ கத்தினார்கள். நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் வீட்டில் வாடகைக்கு என்ன வழி என்று எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. சங்கத்தில் நிதி என்று இருந்தது உண்டியலில் விழுந்த சில்லறைதான். நாங்கள் தோற்றோம். நிர்வாகம் கொடுமைக்காரர்கள் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுமைக்காரர்கள்தான். ஆனால் எங்கள் கையில் மூன்று வாரத்துக்கு மேல் திட்டம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம்தான் போலந்துக் கதை எனக்கு உறைத்தது. 1970 டிசம்பரில் சாப்பாட்டுப் பொருள்களின் விலை ஏறியபோது கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கட்சி அலுவலகம் எரிந்தது, ராணுவம் சுட்டது, பல பேர் செத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1980 ஆகஸ்ட் 14 அன்று அதே தளத்தில் மறுபடி வேலைநிறுத்தம். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த கிரேன் ஓட்டுநர் அன்னா வாலென்டினோவிச்சை வேலையிலிருந்து நீக்கியதுதான் பொறி. இந்த முறை அவர்கள் தெருவுக்கு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள். உள்ளிருப்பு. சாராயத்துக்குத் தடை. சுடவேண்டுமானால் நாட்டின் சொத்தான கப்பல் தளத்துக்குள் புகுந்து சுடவேண்டும். எரிக்கவும் உடைக்கவும் எதிரே ஒன்றும் இல்லை, ஆகவே சாக்கும் இல்லை.

மூன்றாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பள உயர்வு, நீக்கியவர்களைத் திரும்ப எடுப்பது, எல்லாம் சரி. வேலைநிறுத்தத் தலைவர் லெக் வலேசா முடிந்தது என்று அறிவித்துவிட்டார், ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்போது ஹென்றிகா கிஷிவோனோஸ் என்ற டிராம் ஓட்டுநர் பொருமினார். பெரிய தளம் தன் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டால், ஆதரவாக நின்ற சின்னச் சின்ன ஆலைகளின் கதி? வாலென்டினோவிச்சும், அலினா பியென்கோவ்ஸ்கா என்ற நர்ஸும் வாசல்களுக்கு ஓடி, போகிறவர்களை மறித்தார்கள். பலர் போய்விட்டார்கள், ஆனால் போதுமான பேர் நின்றார்கள். இரண்டு வாரத்துக்குள் தொழிலாளர்களின் 21 கோரிக்கைகளைப் பேச அரசாங்கமே மேசைக்கு வந்தது. சுதந்திரத் தொழிற்சங்கம் அதில் முதல் கோரிக்கை. அப்படிப் பிறந்த சாலிடாரிட்டி என்ற சங்கத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் போட்டு நசுக்கினார்கள், ஏழரை வருடம் கழித்து 1989 ஜூன் தேர்தலில் செனட்டின் 100 இடங்களில் 99 இவர்களுக்கு. வாசலில் அந்தப் பெண்கள் மறிக்காமல் இருந்திருந்தால் இது ஒரு சம்பள உயர்வுச் செய்தியாக முடிந்திருக்கும்.

சரி, 'அடித்தால்தான் கேட்பார்கள்' கட்சிக்கு வருவோம். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களைக் கணக்கெடுத்தார்கள். அறவழி இயக்கங்களில் 53 சதவீதம் வென்றிருந்தன, ஆயுதம் எடுத்தவற்றில் 26 சதவீதம். காரணம் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது என்பதைவிட எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. துப்பாக்கி தூக்க இளவட்டங்கள் சில ஆயிரம் பேர் வருவார்கள். பஸ்ஸில் ஏறாமல் இருக்கப் பாட்டியும் வருவார். பாட்டியின் பேரன் போலீஸில் இருப்பான். அவன் தடியை ஓங்கும்போது ஒரு நொடி தயங்கினால், அந்த ஒரு நொடிதான் நமக்கு வேண்டும். கல் ஒன்று பறந்து அவன் மண்டையில் பட்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

இதே ஆய்விலிருந்து '3.5 சதவீத மக்கள் வந்தால் வெற்றி' என்று ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மந்திரம் போல் சொல்கிறார்கள். அது கடந்தகாலத்தைப் பார்த்துச் சொன்னது, வருங்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை. 2011இல் பஹ்ரைனில் அதைவிட அதிகப் பேர் வந்தார்கள், சவூதிப் படைகள் எல்லை தாண்டி வந்தன, முடிந்தது கதை. மக்களின் உழைப்பையும் வரியையும் நம்பியிருக்கிற ஆட்சியைப் பட்டினி போடலாம். எண்ணெயிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பணம் வருகிற ஆட்சிக்கு மக்கள் வேலைக்கு வராவிட்டால் என்ன? அங்கே நெம்புகோலை வேறு எங்கேயாவது வைக்கவேண்டும். சமீப வருடங்களில் அறவழி இயக்கங்களின் வெற்றி விகிதமே சரிந்திருக்கிறது என்று செனோவெத்தே எழுதியிருக்கிறார். ஆட்சியாளர்களும் பாடம் படிக்கிறார்கள். நாமோ செல்போனில் ஒரே நாளில் கூட்டம் சேர்க்கக் கற்றுக்கொண்டு, ஒன்றரை வருடம் முன்கூட்டியே யோசிப்பதை மறந்துவிட்டோம்.

நெம்புகோலை எங்கே வைப்பது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தைச் சொல்வேன். 1985 ஜூலையில் அங்கே கறுப்பினக் குடியிருப்புகள் வெள்ளைக்காரர் கடைகளில் எதையுமே வாங்குவதில்லை என்று முடிவெடுத்தன. முன்னின்றவர் முகுசேலி ஜாக், இளைஞர். நெருக்கடி நிலையை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். ஆனால் சோப்பு வாங்காத பெண்ணை எந்தச் சட்டத்தில் கைது செய்வது? சில மாதத்தில் கடைக்காரர்களே அரசாங்கத்திடம் போய், தலைவர்களை விடுதலை செய்யுங்கள், பேசுங்கள் என்று நின்றார்கள்.

இப்போது கசப்பான பகுதி. 1994இல் தென்னாப்பிரிக்காவில் ஆட்சி மாறியது. சொத்து பெரிதாகக் கைமாறவில்லை, இன்றும் உலகத்திலேயே ஏற்றத்தாழ்வு மிக அதிகமான நாடுகளில் ஒன்று. போலந்தில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அந்தக் கப்பல் தளம் 1996இல் திவாலானது. 1930இல் காந்தி உப்பெடுத்தார், அறுபதாயிரம் பேருக்கு மேல் சிறை போனார்கள், உப்பு வரி 1947 வரை போகவில்லை. சூடானில் 2019இல் தொழில்முறைச் சங்கங்கள் சேர்ந்து முப்பது வருட ஆட்சியாளர் பஷீரை இறக்கின. ஜூன் 3 அன்று, பஷீரின் இடத்தில் உட்கார்ந்த தளபதிகளின் படைகள் தர்ணாவில் இருந்தவர்களை நூற்றுக்கும் மேல் கொன்றன, ஒரு வாரம் கழித்துப் பொது வேலைநிறுத்தத்தில் நாடே அடைத்துக் கிடந்தது, இருந்தும் ஒப்பந்தத்தில் தளபதிகளுக்குப் பாதி நாற்காலி. 2021இல் மீதியையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள், 2023 முதல் போர். ஒருவரை இறக்க 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லில் எல்லாரும் ஒன்றுசேரலாம். நிலம் யாருக்கு, ஆலை யாருக்கு, துப்பாக்கி யார் கையில் என்று வரும்போது அந்த 'எல்லாரும்' நாலாகப் பிரிந்துவிடுகிறார்கள். அதை முன்கூட்டியே பேசிவைத்தவர்கள் குறைவு. எனக்கும் இதற்குச் சுலபமான விடை தெரியாது, யாராவது தெரியும் என்றால் கமெண்டில் சண்டை போடலாம்.

மாண்ட்கோமரியில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. தீர்ப்பு வந்துவிட்டது, உத்தரவு ஊருக்கு வந்துசேர வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் அவர்கள் வெற்றி விழா எடுக்கவில்லை. தேவாலயங்களில் நாற்காலிகளைப் பஸ் இருக்கைகள் போல வரிசையாகப் போட்டார்கள். ஒருவர் டிரைவர், சிலர் வெள்ளைக்காரப் பயணிகள், சிலர் கறுப்பினப் பயணிகள். ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்கார்வார், மற்றவர் திட்டுவார், இடிப்பார். பதில் பேசாமல் எழுந்திருக்காமல் இருப்பது எப்படி என்று பழகிப் பார்த்தார்கள். பிறகு கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள், அடுத்த ஆட்களை நாற்காலிகளுக்கு அனுப்பினார்கள்.