சீட்டுக்கு முன் வார்டைப் பாருங்கள்

நர்சிங் படிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையில் 'நர்சிங் முடித்தால் உடனே வேலை' என்று படித்தேன். அது பாதிதான் சரி. காவிரி டெல்டாவில் இப்போது நர்சிங் சீட்டு கிடைப்பது பெரிய பாடில்லை. நோயாளி நிறைந்த வார்டில் பயிற்சி கிடைப்பதுதான் கஷ்டம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஒரு மாணவிக்கு 3 நோயாளி வேண்டும். பொம்மை படுத்திருக்கும் லேபைக் காட்டினால் மயங்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள், பிரசவ வார்டு உண்டா என்று சீனியர் மாணவிகளிடமே கேளுங்கள். பயிற்சியில் கவனித்த நோயாளிகளைப் பதியும் கேஸ் புக்கை, பார்த்தெழுதியே நிரப்பிய மாணவி, குழந்தைக்கு வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போடும்போது ஊசி ரத்தக் குழாயைத் தாண்டிவிடும். டிரிப்ஸ் ஏறி, கை வீங்கிய பிறகுதான் அது தெரியவே வரும். பாவம், இதில் அந்த மாணவியின் தப்பு என்ன?

பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்களுக்கு பி.எஸ்சி. நர்சிங் கிடையாது, 3 வருட ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ உண்டு. வெளிமாநிலக் கல்லூரிக்கு ஏஜென்ட் கூப்பிட்டால், பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு இல்லாமல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலைக்குப் போக முடியாது. அதில் தேர்வானாலும் தொடக்கம் தொகுப்பூதியம்தான். நிரந்தரமாகச் சில வருடம் ஆகும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரியில் விட்டுவைக்காதீர்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிவிடுங்கள்.